நாற்பத்தோராம் துண்டு

கொம்பனித்தெருக் கரையில்
மாநகர சபையின் பச்சைக் கொட்டில்.
துண்டு முந்நூறு ரூபாய்,
ஆளுக்கு இருபது நிமிடம்,
ஆயுளுக்கு ஒரே தரம்.
என் இலக்கம் நாற்பத்தொன்று.

எனக்கு முன்னால் போனவர்
கடவுளைப் பற்றி வாதாடினாராம்.
நனைந்த காற்சட்டையோடு திரும்பி வந்து
இறால் வடை ஒன்று வாங்கித் தின்றார்.
வென்றாரா என்று வடையில் தெரியவில்லை.

அன்னப் படகின் கழுத்தில் வெள்ளை உரிந்திருந்தது.
"மிதியுங்கோ மிஸ், நடுவில நிண்டா அதுவே வரும்.
கையை மட்டும் வெளியில போடாதேங்கோ"
என்றான் ரிஸ்மி.

வந்தது.
விலாங்கு என்கிறார்கள், வேறு சொல் இல்லாததால்.
பாசித் தண்ணீரின் அடியில்
ஒரு தெரு இடம் மாறுவதுபோல
முதுகு வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது.
தலை வந்து சேர்வதற்குள்
என் கணக்கில் நான்கு நிமிடம் போய்விட்டது.

"உயிரோடிருப்பவற்றில் நானே மூத்தது.
பறங்கி இந்த வாவியை வெட்டவில்லை.
நான் படுத்திருந்த இடத்தைச் சுற்றித்
தண்ணீரைக் கட்டினான்."

"பதிவேடு உண்டா?" என்றேன்.

கணக்காய்வுத் திணைக்களத்தில் முப்பத்தோரு வருடம்.
சொன்னதை நம்புவதற்கு
எனக்கு யாரும் சம்பளம் தந்ததில்லை.

"ஓர் ஆடி மாதப் பின்னேரம்.
நகரம் எரிந்துகொண்டிருந்தது.
சாம்பல் நிறக் காற்சட்டை, கையில் சாப்பாட்டு அடுக்கு,
பெயர் குகதாசன்.
அந்தப் பாலம் வரைக்கும் கண்டவர்கள் இருக்கிறார்கள்.
அதற்குப் பிறகு ஒருவருமில்லை.
நீ இருந்தாய்."

"நகரம் பல தரம் எரிந்தது.
மேலே வெளிச்சம் தெரியும்.
எது எந்த வெளிச்சம் என்று நான் பிரிப்பதில்லை.
நூறு வருடம் எனக்கு ஒரு மூச்சு."

"அப்படியென்றால் நீ மூத்ததில்லை.
நீளமானது. அவ்வளவுதான்.
கல்லும்தான் கிடக்கிறது கனகாலம்,
அதை யாரும் சாட்சிக் கூண்டில் ஏற்றுவதில்லை.
நூறு வருடத்தை மெல்லாமல் விழுங்கிய நீ மூத்ததா?
ஒரே பின்னேரத்தை
நாற்பது வருடமாய் மென்றுகொண்டிருக்கிற நான் மூத்தவளா?"

கூழைக்கடா ஒன்று கிட்ட வந்து
என்னத்தையோ நினைத்துத் திரும்பிப் போனது.

"மென்றதால் அவன் வந்தானா?"

மிதியில் கால் வழுக்கிற்று.
அன்னம் தன்பாட்டில் ஒரு வட்டம் சுற்றிற்று.
கொப்பியைத் திறந்து எழுதிக்கொண்டேன்:
ஐயவினா ஒன்று. பதில் இல்லை.
என்னுடைய பக்கத்தில்தான் எழுதினேன்.

கரையில் ரிஸ்மி விசில் ஊதினான்.
தலை அமிழத் தொடங்கிப் பாதியில் நின்றது.

"அந்தச் சாப்பாட்டு அடுக்கில்
என்ன இருந்தது?"

பொலிஸ் கேட்டதில்லை.
மூன்று ஆணைக்குழுக்கள் கேட்டதில்லை.
உயரம் கேட்டார்கள், மச்சம் கேட்டார்கள்,
அடையாள அட்டை இலக்கத்தை
இரண்டு தரம் பிழையாக எழுதினார்கள்.

"தெரியாது" என்றேன்.
"வழமையாக நான்தான் கட்டிக் கொடுப்பது.
அன்றைக்கு எனக்கும் அவனுக்கும் கதை இல்லை.
சைக்கிள் சங்கதி ஒன்று."

விலாங்கு ஒன்றும் சொல்லவில்லை.
முதுகு போகத் தொடங்கிற்று,
போனது, போய்க்கொண்டே இருந்தது.
தாமரைக் கோபுரத்தின் ஊதா வெளிச்சம்
அதன்மேல் கொஞ்சத் தூரம் கூடப் போயிற்று.

"வெண்டியளா மிஸ்?
துண்டில முடிவு எழுதவேணும்,
சபையில கேப்பாங்கள்."

பேனையை வாங்கினேன்.
நிலுவையில், என்று எழுதித் திகதி போட்டேன்.
பிறகு அடிக்கட்டையைத் தரச்சொல்லிக் கேட்டேன்.
தரமுடியாது என்றான்.
கதிரையை இழுத்துப் போட்டு
அவனோடு வாதாடத் தொடங்கினேன்.
நாற்பத்திரண்டு ஏற்கெனவே மிதித்துக்கொண்டிருந்தார்.